உம் கொட்டிய அக்கா

அந்த அக்காவுக்குக் காதில் விழுகிற எல்லாவற்றுக்கும் உம் கொட்டியாக வேண்டும். கேஸ் சிலிண்டர் பதிவு செய்கிற எண்ணில் பேசும் இயந்திரக் குரலுக்குக்கூட உம் கொட்டுவாள். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று அது சொன்னால் "உம்" என்பாள், ஆனால் அழுத்த மறந்துவிடுவாள். பழவேற்காடு பஸ்ஸில் கண்டக்டர் படிக்கட்டில் தொங்குகிற பையன்களைப் பார்த்து "மேல ஏறி வா" என்று கத்தினால், முன் சீட்டில் வசதியாக உட்கார்ந்திருக்கும் அவள் "உம்" என்பாள். ஒருமுறை கேலியாகக் கேட்டேன், உம் கொட்டுவதற்கு யாராவது சம்பளம் தருகிறார்களா என்று. அதற்கும் "உம்" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த வேலையில் உம் கொட்டாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

நான் மீஞ்சூர்க்காரி. மனோதத்துவம் படித்துவிட்டு, என்ன வேலை கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாமல் வீட்டில் இருந்த காலத்தில், சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களுக்கு வந்தது. மனிதர்களுக்கு டென்ஷன் வந்தால் உடம்பில் ஒரு சுரப்பு கூடுகிறது, அது எச்சிலில் தெரிகிறது. மீனவப் பெண்களுக்கு அது எப்படிக் கூடுகிறது, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அளப்பதென்றால் முதலில் டென்ஷனை வரவழைக்க வேண்டும் அல்லவா, அதுதான் எங்கள் வேலை. ஊர்க்கோடியில் இருந்த புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடி அறையை எங்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

குழுவின் தலைவியான டாக்டர் மேடம் முதலில் கொண்டுவந்தது ஐஸ் தண்ணீர்ச் சோதனை. வாளி நிறைய ஐஸ் தண்ணீர், அதில் கையை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற ஊர்களில் எல்லாரும் துடித்துப்போய் எடுத்துவிடுவார்களாம். எங்கள் பெண்களோ விடிந்ததிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு இறால் பிரிக்கிறவர்கள். கையை வாளிக்குள் போட்டுவிட்டு மேடத்துக்கு எத்தனை பிள்ளைகள், எந்த ஊர், ஏன் கழுத்தில் ஒன்றும் போடவில்லை என்று நிதானமாக விசாரித்தார்கள். மேடத்துக்குத்தான் டென்ஷன் ஏறியது. வாளி மறுநாளே போய்விட்டது.

அடுத்து வந்தது பேச்சுச் சோதனை. மூன்று நாற்காலி, மூன்று வெள்ளைக் கோட்டு, ஒரு கேமரா. வருகிற பெண் எதிரே நின்று, மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருக்கத் தனக்கு என்ன தகுதி என்று பேச வேண்டும். அது முடிந்ததும் ஒரு பெரிய எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. உட்கார்ந்திருக்கிற மூவரும் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, உம் கொட்டக் கூடாது. அவள் பேச்சை நிறுத்தினால், "இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்" என்று மட்டும் சொல்லலாம். உள்ளே வருமுன் ஒரு பஞ்சை நாக்கின் அடியில் வைத்து எடுப்போம், முடிந்தபின் இடைவெளி விட்டுவிட்டு மறுபடி எடுப்போம். குழாய்களை மீன் பெட்டியில் ஐஸ் போட்டுச் சென்னைக்கு அனுப்புவோம். அங்கே ஆய்வகத்தில் எங்கள் பெட்டியைத் திறந்தால் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம்.

மூன்று பேரும் வெளியூர் முகமாக இருந்தால் பெண்கள் வாயே திறக்கமாட்டார்கள், ஒரு முகமாவது உள்ளூர் முகமாக இருக்கட்டும் என்று முடிவானது. அங்கன்வாடியில் சமைத்துக்கொண்டிருந்த இந்த அக்கா மதியத்துக்கு மேல் சும்மா இருந்தாள். எங்கள் சோதனைகளும் மதியத்துக்கு மேல்தான், காலையில் அந்தச் சுரப்பு தானாகவே கூடுதலாக இருக்கும் என்பதால். அப்படித்தான் நான் போய் அவளைக் கூப்பிட்டேன். சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "ஆஸ்பத்திரி நர்ஸம்மா மாதிரி கீறேனா?" என்று கேட்டாள்.

முதல் நாளே வம்பு. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் வந்து நின்றாள். "எனக்கு... எனக்கு வந்து..." என்று திக்கினாள். நான் முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேன், இடப்பக்கத்தில் சென்னை மாணவர் ஒருவர் அதைவிடப் பெரிய சுவராக இருக்கிறார். வலப்பக்கத்திலிருந்து குரல் வருகிறது, "உம், சொல்லு மா, இன்னா பயம்." மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். "ஏன் கிள்ற?" என்று சத்தமாகவே கேட்டாள்.

சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் வார்த்தையை நிறுத்தினாள். உம் மட்டும் நிற்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள், அது மூக்கு வழியாக வரும்.

முதல் பெட்டிகளின் முடிவுகள் வந்ததும் டாக்டர் மேடம் போன் செய்தார். "அந்த உள்ளூர் அம்மா உட்கார்ந்த நாள்ல யாருக்குமே ஏறல. மத்தவங்க உட்கார்ந்த நாள்ல எல்லாருக்கும் ஏறியிருக்கு. அவங்க என்ன பண்றாங்க?"

"உம் கொட்டறாங்க மேடம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். "ஏறணும்கறதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்றோம்" என்றார். "அவங்களால நிறுத்த முடியலன்னா வேற ஆள் பாருங்க."

அவள் உம் கொட்டினால் ஒருத்தியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஆய்வகமே அளந்து சொல்லிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, வேலைக்கு அது உதவாது என்பதும் தெரிந்தது. அக்காவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று இறங்கினேன். கட்டடத்தின் படிக்கட்டில் எதிரெதிரே உட்காருவோம். நான் பேசுவேன், அவள் பேசாமல் கேட்க வேண்டும். வெயில், ஊர்க்கதை, பஸ் கூட்டம் எல்லாவற்றுக்கும் உம் வந்தது. கடைசியில் என் அப்பாவின் கதையையே எடுத்தேன்.

"எங்க நைனாவ கம்பெனியில நிறுத்திட்டாங்கக்கா. யார்கிட்டயும் சொல்லல. தினமும் டிபன் பாக்ஸ் எடுத்துனு மீஞ்சூர் ஸ்டேஷன்ல போய் உக்காந்துனு இருந்திருக்காரு."

"உம்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"இப்ப நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுக்கா."

"நைனாவுக்கு வேலை பூட்ச்சின்ற. சொம்மா மூஞ்சப் பாத்துனு இருன்றியா? அது இன்னா பழக்கம்?"

ஒரு சோதனை முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது விதி. நாங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொண்டது சோதனைக்காக, நீ நன்றாகத்தான் பேசினாய் என்று விளக்க வேண்டும். மற்றவர்கள் அதை ஒப்பிப்பார்கள். அக்கா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவாள். கையில் மோர் டம்ளரோடு அந்தப் பெண்ணின் முதுகைத் தடவி, "பொய்க்கு கண்ணு, எல்லாம் பொய்க்கு" என்பாள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவள் அந்த வேலைக்கு வந்தாள் என்று நினைக்கிறேன்.

அவள் ஏன் அப்படி என்பதை ஒரு மதியம் அவளே சொன்னாள். அன்று சோதனைக்கு வரவேண்டியவள் வரவில்லை. மாடி ஜன்னலிலிருந்து ஏரி தெரிந்தது, தண்ணீர் வற்றி நடுவில் திட்டுத் திட்டாக மண் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் தண்ணில நின்னு கையால எறாலு தடவிப் புடிப்பேன், எங்க வூட்டுக்காரரு படகுல வலை போட்டுனு இருப்பாரு. தை மாசம் பனி எறங்கிச்சின்னா எதிர்ல கீற ஆளு தெரியாது. அதனால கூவிக்கினே இருக்கணும். 'கீறியா?'ன்னு அவரு கேப்பாரு. 'உம்'முனு நான் சொல்லணும். சொல்லலன்னா ஆளு பள்ளத்துல பூட்ச்சின்னு அர்த்தம். இங்க எல்லாருக்கும் அதான் கணக்கு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"அன்னிக்கு எனக்கும் அவருக்கும் சண்ட. கெளம்பறப்ப அண்ணி, அவரு அக்கா, எதிர்ல, 'உன் கொழம்பு எங்க அக்கா கொழம்பு கிட்ட நிக்குமா?'ன்னு சிரிச்சாரு. வெளாட்டுக்குத்தான் சொன்னாரு. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சி. விடிஞ்சும் பனி விடல. 'கீறியா?'ன்னாரு. நான் சொல்லல. கேக்குது, நல்லாக் கேக்குது. திருப்பிக் கூப்டாரு. கூப்புடட்டும், கொஞ்சம் பயப்படட்டும்னு நின்னுனு இருந்தேன். இடுப்பளவு தண்ணிதான் மா, ஒண்ணும் ஆவல எனக்கு. அவரு பள்ளத்துப் பக்கமா நான் பூட்டேன்னு நெனச்சிக்கினாரு. தொபீர்னு சத்தம் கேட்டுது. கடல் தண்ணிய இழுக்கற நேரம் அது. அப்பறம் நான் கத்தறேன், கீறேன், கீறேன்னு. பதிலு வரல."

ஏரி முழுவதும் தேடி, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுத்தார்களாம். அவள் பதில் சொல்லாமல் நின்றது வேறு யாருக்கும் தெரியாது. கரையில் எல்லாரும் கூடியிருந்தபோது இவளேதான் சொல்லியிருக்கிறாள், கூப்பிட்டார், வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை என்று. சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவருடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், எழுந்து வந்து எதிரே நின்றாராம். "என் தம்பி கூப்ட்டதுக்கு நீ பதிலு சொல்லல. இனிமே நீ கூப்ட்டா நான் சொல்லமாட்டேன்" என்றாராம்.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. நாத்தனார் வீட்டைத் தாண்டித்தான் அக்கா அங்கன்வாடிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு காலையும் அந்த வாசலில் நின்று, "அண்ணி, போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த அம்மா வாசலில் மீன் அரிந்துகொண்டிருப்பார், கத்தி நிற்காது, தலை நிமிராது. அக்கா கொஞ்சம் நிற்பாள், பிறகு நடப்பாள். வருஷக்கணக்காக இதுதான். நாங்கள் மாடியில் கோட்டுப் போட்டுக்கொண்டு சில நிமிடங்களுக்கு நடத்துகிற சோதனைக்கு அந்தத் தெருவில் அவள் ஆயுள் முழுக்க நின்றுகொண்டிருந்தாள். அங்கே யாரும் மோர் டம்ளரோடு வந்து பொய்க்குத்தான் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த நாத்தனார் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மகளிர் குழுவில் ஒவ்வொருவராகச் சோதனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் படியேறி வந்தது அந்த நாத்தனார். குழுவில் எல்லாரும் போயாக வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பதறிப்போய் அக்காவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். இன்றைக்கு வேண்டாம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள், வேறு நாள் வைத்துக்கொள்கிறோம் என்றேன். அவள் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க என் எதிர்ல நின்னு பேசுவாங்களா?"

"பேசணும்க்கா. அதுதான் சோதனை."

"அப்ப நான் உக்கார்றேன்."

"உம் கொட்டினா மேடம் இனிமே உங்கள உட்கார விடமாட்டாங்கக்கா. ஏற்கெனவே சொல்லிட்டாங்க."

"கொட்டமாட்டேன் மா. அவங்க பேசறத கேட்டாப் போதும்."

நாத்தனாரிடமும் கேட்டேன், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா, இஷ்டமில்லை என்றால் போய்விடலாம் என்று. "தெரியும்" என்றார். பஞ்சைத் தானே வாங்கி நாக்கின் அடியில் வைத்துக்கொண்டார். உள்ளே வந்து நின்றார். மூன்று நாற்காலிகளில் அக்காவுடையதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் பார்த்தார்.

மகளிர் குழுவில் எவ்வளவு காலமாக இருக்கிறார், சந்தைக்கு மீன் கொண்டுபோவது எப்படி என்றெல்லாம் கொஞ்சம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. நாங்கள் மூவரும் சுவராக இருந்தோம். அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்படியொரு முகத்தை அவளிடம் அதற்குமுன் நான் பார்த்ததில்லை, கல்லாக இருந்தது. மாணவர் தன் பாடத்தைச் சொன்னார். "இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்."

நாத்தனார் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "எனக்கு வேற இன்னா தகுதி கீது" என்றார். "எங்கம்மா பூட்டப்பறம் தம்பிய நான்தான் வளர்த்தேன். தூக்கத்துல கூப்டுவான். கீறியாக்கா, கீறியாக்கான்னு. நான் எங்கிருந்தாலும் சொல்வேன். சொன்னாத்தான் தூங்குவான்."

மறுபடி நின்றது. இந்த முறை அவர் வலப்பக்க நாற்காலியைப் பார்த்துவிட்டார். அங்கே கல் முகம். பார்த்துக்கொண்டே நின்றார். மாணவர் அதே பாடத்தைச் சொல்ல வாயைத் திறந்தார், நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அவனுக்குப் பதிலு வரலன்னா பயம்" என்றார் நாத்தனார். "சின்னதுலேர்ந்தே பயம்."

"உம்" என்றாள் அக்கா.

மூக்கு வழியாக வந்த உம் இல்லை, வாய் திறந்து சொன்னாள். கேமராவில்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. நாத்தனார் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கழித்தல் கணக்கைச் செய்யாமல், போய் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்தார். நான் விதிப்படி விளக்கப் போனேன், நாங்கள் பேசாமல் இருந்தது சோதனைக்காகத்தான் என்று. "தெரியும், தெரியும்" என்று இரண்டாவது பஞ்சுக்காகக் கையை நீட்டினார். அக்கா மோர் டம்ளரைப் பெஞ்சின் மறுமுனையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

அக்கா கோட்டைத் தானே மடித்து என்னிடம் கொடுத்தாள். "மேடத்துக்கு நீயே சொல்லிடு மா. நானும் வாய மூடினு இருந்துதான் பாத்தேன்." அதன்பிறகு மோர் கொடுக்கிற வேலைக்கு மட்டும் வந்தாள்.

மேடம் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று மட்டும் சொன்னார். ஆனால் எச்சில் ஆய்வகத்துக்குப் போயிருந்தது, முடிவும் வந்திருந்தது. மற்ற பெண்களுக்கு ஏறியதெல்லாம் அறைக்குள் வந்தபின்தான். நாத்தனாருக்கு உள்ளே வருமுன்பே உச்சத்தில் இருந்து, வெளிப்பெஞ்சில் எடுத்த இரண்டாவது பஞ்சில் இறங்கியிருந்தது. யாருடைய முடிவு என்று வெளியே சொல்லக் கூடாத விஷயம்தான் அது, இருந்தாலும் என்னால் அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எறங்கிச்சா?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அன்னிக்கு நல்லாத் தூங்கியிருப்பாங்க."

மறுநாள் காலை நான் சீக்கிரமே வந்து தெருமுனையில் நின்றேன். ஏதாவது நடக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். "அண்ணி, போய்ட்டு வர்றேன்" என்றாள் அக்கா. கத்தி நிற்கவில்லை. அக்கா எப்போதும் நிற்கிற அளவுக்கு நின்றாள், நடந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை.

ஆராய்ச்சி முடிந்து குழு கிளம்பியது. எனக்கு மீஞ்சூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அக்கா அவ்வப்போது போன் செய்வாள். நான் பேசப் பேச உம் கொட்டிக்கொண்டிருப்பாள். வைக்கும்போதுதான் தெரியும், பேசியதெல்லாம் நான் மட்டும்தான், அவள் தன் கதை எதையும் சொல்லவில்லை என்று. நெஞ்சு வலிக்கிறது என்பதையும் அப்படித்தான் சொல்லாமல் விட்டிருக்கிறாள். ஒருநாள் அங்கன்வாடியில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். பொன்னேரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

நான் போனபோது தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று மாடி அறையில் வைத்துக்கொண்டிருந்த அதே முகம். எவ்வளவு பயிற்சி கொடுத்தும் வராதது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொருத்தியும் பேசி நிறுத்துகிற இடத்தில் ஒரு பழக்கத்துக்காகக் கொஞ்சம் காத்திருந்தார்கள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

நாத்தனார் வரவில்லை. அவருடைய மகன் வந்திருந்தான். பிள்ளை இல்லாதவளுக்குக் கொள்ளிச் சட்டியை அவன்தான் எடுத்தான். அம்மா அனுப்பினாரா, தானாக வந்தானா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பறையடித்துக்கொண்டு தெரு வழியாகப் போனார்கள். தெருமுனை வரைதான் பெண்கள் போகலாம், நானும் பின்னால் நடந்தேன். நாத்தனார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

பாடை பக்கத்தில் வந்தபோது கதவு திறந்தது. அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் மீன் கத்தி இல்லை. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தூக்கிக்கொண்டு போனவர்கள் அவரைப் பார்த்து நின்றார்கள், பறையும் நின்றது. அழுவார், விழுந்து புரளுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எதுவும் செய்யவில்லை. அக்கா தினமும் நின்ற இடத்தில் அவளைப் பார்த்துக்கொண்டு, அவள் நிற்கிற அளவு நேரம் நின்றார்.

"உம்" என்றார். "போய்ட்டு வா."